‘உம்’ சேர்ந்த பெயர்களும் குழுப்பெயர்களும்: கணினிக்கு எப்படிப் புரியவைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழியைக் கணினிக்குப் புரியவைக்கும் வேலையில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். முன்னால் வந்த விடைகளைப் பின்னால் வருபவை துணைக்கு அழைப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. ‘கண்ணனும் வள்ளியும் வந்தார்கள்’ என்றால் கண்ணன் வந்தான், வள்ளி வந்தாள். இரண்டு வாக்கியமாகப் பிரித்துவிட்டால் முடிந்ததே, இதில் என்ன சிக்கல்?

இந்த ஒரு வாக்கியத்தில் சிக்கல் இல்லை. ஆனால் ‘கண்ணனும் வள்ளியும் சந்தித்துக்கொண்டார்கள்’ என்பதை அப்படியே பிரித்தால் ‘கண்ணன் சந்தித்துக்கொண்டான்’ என்று பொருளற்ற ஒரு வாக்கியம் மிஞ்சுகிறது. ‘கண்ணனும் வள்ளியும் மேசையைத் தூக்கினார்கள்’ என்பதோ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: சேர்ந்து ஒரு முறை தூக்கியிருக்கலாம், ஆளுக்கொரு முறையும் தூக்கியிருக்கலாம்.

வந்தார்கள் என்பதைப் போல ஒவ்வொருவருக்கும் தனியாகப் பொருந்துவதைத் தனித்தனி வாசிப்பு என்றும், சந்தித்துக்கொண்டார்கள் என்பதைப் போல எல்லோருக்கும் சேர்த்தே பொருந்துவதைக் கூட்டு வாசிப்பு என்றும் இனிக் குறிப்பிடுகிறேன். பிரித்தெழுதும் நிரல் எல்லாவற்றையும் தனித்தனி வாசிப்பு என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. பின்வரும் பெரும்பாலான தொல்லைகளுக்கு அந்த அவசரமே வேர்.

2. ‘மாணவர்கள்’, ‘குழு’, ‘கண்ணனும் வள்ளியும்’ மூன்றுமே பலரைத்தானே குறிக்கின்றன? மூன்றையும் ஒரே வகையாக வைத்துக்கொள்ளக் கூடாதா?

வைத்துக்கொள்ளக் கூடாது. ‘கண்ணனும் வள்ளியும்’ என்பதில் உறுப்பினர்கள் பெயரோடு தெரிகிறார்கள். ‘மாணவர்கள்’ என்பதில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிகிறது, யார், எத்தனை பேர் என்பது தெரியவில்லை. ‘குழு’ என்பதில் உறுப்பினர்கள் பின்னால் மறைந்து, ஒரு புதிய பொருள் முன்னால் நிற்கிறது. அதனால்தான் ‘குழு முடிவெடுத்தது’ என்று அஃறிணை ஒருமையில் வினை முடிகிறது. உறுப்பினர் ஒருவர் விலகி இன்னொருவர் வந்தாலும் குழு அதே குழுதான். கண்ணனுக்குப் பதில் வேலன் வந்தால் ‘கண்ணனும் வள்ளியும்’ என்பது அதே இருவராக இருப்பதில்லை.

3. பலரைக் குறிக்கும் பொருளை முறையாக எழுதுவது எப்படி? கணம் என்று எழுதினால் போதாதா?

கணமாகவும் (கணிதத்தில் set என்பது) எழுதலாம். ஆனால் கணம் என்பது அதன் உறுப்புகளை விட வேறு வகையான பொருள், அதற்கு எடை கிடையாது, அது மேசை தூக்காது. 1983-ல் மொழிப் பொருளியல் ஆய்வாளர் கோடஹார்ட் லிங்க் முன்வைத்த வழியில், கண்ணனையும் வள்ளியையும் கூட்டினால் கிடைப்பதும் கண்ணனைப் போலவே ஒரு பொருள்தான், ஆனால் பிரிக்கக்கூடிய பொருள். இனிமேல் பிரிக்க முடியாத தனியாள்களை அணுக்கள் என்பார்கள். மூன்று அணுக்கள் இருந்தால், தனியாகவும் சேர்த்தும் மொத்தம் 7 பொருள்கள் கிடைக்கும், பத்து இருந்தால் 1,023. ‘தண்ணீர்’ போன்ற எண்ண முடியாத பெயர்களையும் இதே அமைப்பில், அணுக்களைக் கோராமல், அடக்கிவிடலாம் என்பது இதன் கூடுதல் அழகு.

இந்தக் கூட்டலில் அடைப்புக்குறிக்கு மதிப்பில்லை. முதல் இருவரைக் கூட்டி மூன்றாமவரைச் சேர்த்தாலும், பின்னிருவரைக் கூட்டி முதலாமவரைச் சேர்த்தாலும் விடை ஒன்றே. பல இடங்களில் இது வசதி. எங்கே வசதியில்லை என்பதை அடுத்த கேள்வி காட்டும்.

4. அப்படியானால் எல்லாப் பட்டியலையும் ஒரே மட்டத்தில் கூட்டிவைத்தால் சரியாகிவிடுமா?

‘பெக்கரலும் கியூரி இணையரும் 1903-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆள்கள் மூவர்: ஹென்றி பெக்கரல், பியேர் கியூரி, மேரி கியூரி. மூவரையும் ஒரே மட்டத்தில் கூட்டி, பரிசைச் சமமாகப் பங்கிடச் சொன்னால் கணினி ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடுக்கும். உண்மையில் பாதி பெக்கரலுக்கும், மீதிப் பாதி கியூரி இணையருக்குச் சேர்த்தும் வழங்கப்பட்டது, அதாவது அவர்களில் ஒவ்வொருவருக்கும் கால் பங்கு. இங்கே ‘இணையர்’ என்பது வெறும் கூட்டல் இல்லை, உள்ளே இருவரைக் கொண்ட ஒரு குழு. வாக்கியத்தின் அடைப்புக்குறி உண்மையைச் சுமக்கிறது.

மொழியியலாளர் ஃப்ரெட் லாண்ட்மன் 1989-ல் எழுதிய கட்டுரைகளில் கூட்டலையும் குழுவையும் பிரித்துக் காட்டினார். கூட்டலை எடுத்து ‘இதை ஒரே பொருளாகக் கொள்’ என்று ஒரு படி உயர்த்தினால் குழு கிடைக்கும், உயர்த்திய பின் அதன் உள்ளே நேரடியாகக் கை நுழைக்க முடியாது. ஒரே ஐந்து பேர் இரண்டு குழுக்களில் உறுப்பினர்களாக இருக்கும்போது ஒரு குழு கூடி மற்றொன்று கூடாமல் இருக்கலாம் என்பதை இந்தப் பிரிவு இல்லாமல் எழுதவே முடியாது. ஆகவே தரவில் ‘உறுப்பு’ என்ற உறவும் ‘கூட்டலின் பகுதி’ என்ற உறவும் வெவ்வேறு பெயரில் இருக்க வேண்டும். இதை ஒரே பெயரில் வைத்துவிட்டுப் பிறகு மாதக்கணக்கில் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

5. தனித்தனியா, கூட்டா என்ற தகவலைப் பெயரில் எழுதுவதா, வினையில் எழுதுவதா?

வினையில். ‘கண்ணனும் வள்ளியும் சந்தித்து, பிறகு தூங்கினார்கள்’ என்ற ஒரே வாக்கியத்தில் ஒரே எழுவாய், முதல் வினைக்குக் கூட்டாகவும் இரண்டாம் வினைக்குத் தனித்தனியாகவும் நிற்கிறது. பெயரின் மேல் ‘கூட்டு’ என்று முத்திரை குத்திவிட்டால் இரண்டில் ஒன்று பொய்யாகிவிடும். மெய்யியலாளர் டேவிட்சன் 1967-ல் காட்டிய வழியில் ஒவ்வொரு வினையையும் ஒரு நிகழ்வாகக் கொண்டால் இது எளிதாகிறது: சந்திப்பு என்ற ஒரு நிகழ்வில் பங்குகொள்வது கூட்டல், தூக்கம் என்ற இரண்டு நிகழ்வுகளில் பங்குகொள்பவை அணுக்கள். ‘சேர்ந்து’, ‘ஆளுக்கொரு’, ‘தத்தம்’, ‘இரண்டிரண்டாக’ போன்ற சொற்களும் இந்த இடத்தில்தான் வேலை செய்கின்றன.

எந்தக் குறிப்புச் சொல்லும் இல்லாதபோது என்ன செய்வது என்பது அடுத்து வரும் ஐயம். என் விடை: முடிவு செய்யாதீர்கள். மூன்று பேரைக் கூறுகளாகப் பிரிக்க 5 வழிகள், ஐந்து பேருக்கு 52, பத்துப் பேருக்கு 1,15,975. பத்துப் பேர் பெட்டிகளைத் தூக்கினார்கள் என்றால், எந்தெந்தச் சேர்க்கையில் தூக்கினார்கள் என்று படிப்பவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கூட்டலை ஒரே கணுவாக (வரைபடத்தின் ஒரு புள்ளியாக) வைத்து, வினையின் பங்கீட்டை ‘தீர்மானிக்கப்படாதது’ என்று விட்டு, யாராவது கேள்வி கேட்கும்போது மட்டும் விரித்துப் பாருங்கள்.

6. இரண்டு பக்கமும் பன்மை வந்தால்?

மூன்றாவதாக ஒரு வாசிப்பு வந்துவிடுகிறது. ரெம்கோ ஸ்கா 1981-ல் தந்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டில் 600 நிறுவனங்களிடம் 5,000 கணினிகள் இருக்கின்றன. ஒவ்வொரு நிறுவனத்திடமும் 5,000 இல்லை, எல்லாவற்றுக்கும் பொதுவாகவும் 5,000 இல்லை, மொத்தக் கணக்கு மட்டுமே சொல்லப்படுகிறது. ‘முறையே’ என்ற சொல் வந்தால் நிலைமை மாறும்: ‘கண்ணனும் வள்ளியும் முறையே கணிதமும் இசையும் படித்தனர்’ என்பதில் வரிசை முக்கியம். கூட்டலுக்கு வரிசை கிடையாது என்பதால், பட்டியலின் வரிசையைத் தனியாக எங்காவது காப்பாற்றி வைத்திருக்க வேண்டும்.

7. தொடரமைப்பு மரம் வரையும்போது ‘கண்ணனும் வள்ளியும்’ என்பதற்கு யார் தலைவர்? எல்லாரும் வேறு வேறு மாதிரி வரைகிறார்களே?

இணையாக நிற்கும் இரண்டில் ஒன்றைத் தலையாக்கி, மற்றதை அதைச் சார்ந்ததாக வரையச் சொல்லும் மரமே இதற்குப் பொருந்தாத கருவி, அதனால் ஒவ்வொரு மரபும் ஒரு சமரசம் செய்துகொண்டது. பல மொழிகளுக்கும் ஒரே மர முறையை வகுக்கும் யூனிவர்சல் டிபெண்டன்சீஸ் திட்டத்தில் முதல் பெயரே தலை, மற்றவை எல்லாம் அதிலிருந்து தொங்கும். செக் மொழி வாக்கியங்களை மரங்களாக வரைந்து தொகுத்த பிராகா மரவங்கியில் இணைப்புச் சொல்லே தலை, பெயர்கள் அதன் கீழே சம உறுப்புகள். மொழியியலாளர் மெல்சூக் வழியில் முதல் பெயர், இணைப்புச் சொல், அடுத்த பெயர் என்று சங்கிலியாகப் போகும்.

முதல் வழியில் ஓர் இழப்பு உண்டு: முதல் பெயருக்கு முன் நிற்கும் அடை அதற்கு மட்டும் உரியதா, முழுப் பட்டியலுக்கும் உரியதா என்பதை மரத்தில் காட்ட இடமில்லை. பிராகா வழியில் அதைக் காட்டலாம். ஆனால் ‘உம்’ பெயரோடு ஒட்டியிருக்கும்போது தலையாக்கத் தனிச்சொல் எதுவும் இல்லாத நெருக்கடி வருகிறது. நான் பெரும்பாலும் முதல் வழியையே எடுத்துக்கொள்கிறேன். கருவிகளும் தரவுகளும் அங்கேதான் அதிகம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெருமை இல்லை. அங்கேயும் தமிழுக்கான டிடிபி தொகுப்பில் இருப்பவை 600 வாக்கியங்களே.

8. யூனிவர்சல் டிபெண்டன்சீஸ் திட்டத்தின் விரிவாக்கப்பட்ட வடிவில் வினையின் உறவு எல்லாப் பெயர்களுக்கும் நகலெடுக்கப்படுகிறதே, அதைப் பயன்படுத்தலாமா?

தகவல் தேடலுக்குப் பயன்படுத்தலாம், பொருள் அறிவதற்கு அப்படியே நம்பக் கூடாது. நகலெடுத்தல் என்பது முதல் விடையில் சொன்ன பிரித்தெழுதுதலின் மறு உருவம்தான். ‘சந்தித்துக்கொண்டார்கள்’ என்பதன் எழுவாயாகக் கண்ணன் தனியாக ஒரு கோடும் வள்ளி தனியாக ஒரு கோடும் பெறுவார்கள். அந்தக் கோடுகளை ‘இவர் இந்த நிகழ்வில் பங்குகொண்டவர்’ என்று படித்தால் பிழையில்லை. ‘இவர் மட்டுமே இதைச் செய்தார்’ என்று படித்தால்தான் பிழை.

9. ஏ.எம்.ஆர். முறையில் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டதா?

பாதி. 2013-ல் அறிமுகமான அந்தப் பொருள் வரைபட முறையில் இணைப்பு ஒரு தனிக் கணுவாகிறது, அதன் கீழ் முதல் உறுப்பு, இரண்டாம் உறுப்பு என்று எண்ணிட்ட கோடுகள் வருகின்றன. அடுக்கடுக்காக வைக்கவும் முடியும் என்பதால் நோபல் பரிசு எடுத்துக்காட்டின் அடைப்புக்குறியைக் காப்பாற்றலாம். ஆனால் ஒருமை பன்மை வேறுபாட்டை அது குறிப்பதில்லை, தனித்தனியா கூட்டா என்பதையும் குறிப்பதில்லை. குறிக்காமல் விட்டது ஐந்தாம் விடையில் நான் பரிந்துரைத்த பொறுமையைப் போலத் தோன்றலாம். வேறுபாடு என்னவென்றால், ‘ஆளுக்கொரு’ என்று வாக்கியம் வாய்விட்டுச் சொல்லும்போதும் அதை எழுதிவைக்க வரையறுத்த இடம் அங்கே இல்லை.

10. தமிழில் ‘உம்’ இருப்பதால் வேலை எளிது அல்லவா? சொல்லின் கடைசியில் ‘உம்’ இருந்தால் வெட்டி எடுத்துவிடலாமே?

எழுத்துச் சரமாக வெட்ட முயன்றால் முதல் நாளிலேயே தடுக்கி விழுவீர்கள். ‘கண்ணனும்’ என்ற சொல்லுக்குள் ‘கண்ணன்’ என்ற சரம் இல்லை. யூனிகோடில் ‘ன்’ என்பது னகரமும் புள்ளியும், ‘னு’ என்பது னகரமும் உகரக் குறியும், ஆகவே புள்ளி போன இடத்தில் உகரம் உட்கார்ந்திருக்கிறது. ‘மரமும்’ என்பதிலும் அப்படியே. ‘வள்ளியும்’ என்பதில் யகர உடம்படுமெய், ‘பசுவும்’ என்பதில் வகர உடம்படுமெய். ‘வீடும்’ என்பதில் குற்றியலுகரம் கெட்டு, அந்த இடத்தில் ‘உம்’மின் உகரம் ஏறியிருப்பதால் வீடு என்ற சரத்துக்குப் பின் ‘ம்’ மட்டுமே மிச்சம். புணர்ச்சி விதி தெரிந்த உருபனியல் பகுப்பி இல்லாமல் இந்த வேலை நடக்காது. புள்ளிவிவர முறையில் சொல்லைத் துண்டாக்கும் டோக்கனைசர்கள் இந்த எல்லையைக் கண்டுகொள்வதில்லை.

வெட்டத் தெரிந்த பிறகும் எதை வெட்டுவது என்ற கேள்வி இருக்கிறது. ‘பாடும் கண்ணன்’, ‘பெரும் மழை’, ‘மீண்டும்’ எல்லாம் அதே ஒலியில்தான் முடிகின்றன.

11. சரி, உண்மையான ‘உம்’ என்று தெரிந்துவிட்டது. உடனே பட்டியல் என்று முடிவு செய்யலாமா?

தொல்காப்பியமும் நன்னூலும் ‘உம்’ இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் சொல்கின்றன, அவற்றில் எண்ணுப்பொருள் ஒன்றுதான். மற்றவற்றில் கணினிக்கு அதிகம் தொல்லை தருபவை இரண்டு. ‘கண்ணனும் வந்தான்’ என்பதில் வேறு யாரோ வந்திருக்கிறார் என்ற எச்சப்பொருள் இருக்கிறது. ‘மூன்று மாணவர்களும் வந்தார்கள்’ என்பதில் ஏற்கெனவே பேசப்பட்ட மூவரில் ஒருவர்கூட விடுபடவில்லை என்ற முற்றுப்பொருள் இருக்கிறது. ‘மூன்று மாணவர்கள் வந்தார்கள்’ என்றால் புதிதாக ஒரு கூட்டலை அறிமுகப்படுத்த வேண்டும், ‘உம்’ சேர்ந்தால் பழைய கூட்டலைத் தேடி எடுக்க வேண்டும். ஓர் இடைச்சொல் தரவுத்தளத்தில் எழுதுவதையும் தேடுவதையும் பிரித்துவிடுகிறது.

ஒரே ‘உம்’, வினை ஒருமை என்றால் எச்சம் என்று கொள்ளலாம். ஆனால் ‘கண்ணனுக்கும் தெரியும்’ போன்ற வாக்கியங்களில் வினை எண் காட்டாது. அங்கே அடுத்தடுத்த பெயர்கள் ஒரே வேற்றுமையில் ‘உம்’ ஏற்றிருக்கின்றனவா என்று பார்ப்பதே நம்பகமான வழி. இதில் ‘மற்றும்’ என்ற சொல் இன்னொரு குழியைத் தோண்டுகிறது: ‘கண்ணன் மற்றும் வள்ளியைப் பார்த்தேன்’ என்பதில் வேற்றுமை உருபு கடைசிப் பெயரில் மட்டும் இருப்பதால், கண்ணனை எழுவாய் என்று கணினி எண்ணிவிடலாம்.

12. ‘நண்பனும் வழிகாட்டியுமான கண்ணன்’ என்பதில் இரண்டு ‘உம்’ இருக்கின்றன, ஆனால் ஆள் ஒருவன்தானே?

ஆம், இங்கே கூட்டப்படுவன ஆள்கள் அல்ல, பண்புகள். ‘ஆன’ என்பது அதைக் காட்டிக்கொடுக்கிறது. ‘நண்பனும் வழிகாட்டியும் வந்தார்கள்’ என்றால் இருவர். கணுக்களை உருவாக்கும் முன் ‘ஆன’ இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரி நிரலைச் சேர்த்தால் இல்லாத ஆள்கள் பலர் மறைந்துபோவார்கள்.

13. ‘உம்’ மறைந்து நிற்கும் உம்மைத்தொகையை எப்படிப் பிடிப்பது?

‘சேரசோழபாண்டியர்’ என்பதில் பன்மை விகுதி கடைசியில் இருக்கிறது. அதைப் பாண்டியருக்கு மட்டும் உரியதாக எடுத்துக்கொண்டால், ஒரு சேரன், ஒரு சோழன், பல பாண்டியர் என்று தவறாகப் படிக்க நேரும். உயர்திணை உம்மைத்தொகை பலர்பால் ஈற்றில் முடியும் என்று பழைய இலக்கணங்கள் தனியே விதி வகுத்தது இதற்காகவே: அந்த விகுதி முழுத் தொகைக்கும் உரியது. மூன்றாம் விடையில் சொன்ன கூட்டலின் மேல் ஏற வேண்டிய பன்மை இது, கடைசி அணுவின் மேல் ஏற வேண்டியது அன்று. வழக்கில் உறைந்த தொகைகளை அகராதியாகத் தருவது மலிவான வழி, புதியவற்றுக்கு அது உதவாது.

14. ‘ஆகியோர்’ வந்தாலும் ‘முதலியோர்’ வந்தாலும் பட்டியல்தானே?

ஒன்று மூடிய பட்டியல், மற்றொன்று திறந்த பட்டியல். ‘கண்ணன், வள்ளி ஆகியோர்’ என்றால் கணக்கு முடிந்தது, ‘ஆகிய இருவரும்’ என்றால் எண்ணைச் சரிபார்க்கவும் வாய்ப்பு. ‘கண்ணன், வள்ளி முதலியோர்’ என்றால் பெயர் தெரியாத உறுப்பினர்கள் உள்ளே இருக்கிறார்கள், ‘எத்தனை பேர்?’ என்று கேட்டால் ‘இருவர்’ என்ற விடை தவறு. கூட்டலின் கணுவில் ‘முடிந்ததா, தொடர்கிறதா’ என்று ஒரு புலம் வைத்தால் போதும். ‘உள்ளிட்ட’ என்பது திறந்த வகையில்தான் பெரும்பாலும் சேரும், ஆனால் எழுதுபவர்கள் அதை மூடிய பட்டியலுக்கும் தாராளமாகப் பயன்படுத்துவதால் அதன்மேல் முழு நம்பிக்கை வைக்க வேண்டாம்.

15. ‘நானும் நீயும்’ என்பதற்கு எந்த இடம், எந்த எண்?

தன்மை இருந்தால் தன்மை, இல்லாவிட்டால் முன்னிலை, அதுவும் இல்லாவிட்டால் படர்க்கை, எண் பன்மை. ஆனால் வினை விகுதி ‘வந்தோம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. ‘நானும் நீயும்’ என்றால் அடுத்த வாக்கியத்தில் ‘நாம்’, ‘நானும் அவனும்’ என்றால் ‘நாங்கள்’. ஆகவே கேட்பவர் உள்ளே இருக்கிறாரா என்பதையும் கணுவில் எழுதிவைக்க வேண்டும்.

16. ‘கண்ணன் வள்ளியைச் சந்தித்தான். அவர்கள் நெடுநேரம் பேசினார்கள்.’ இங்கே ‘அவர்கள்’ எதைச் சுட்டுகிறது? முதல் வாக்கியத்தில் பட்டியலே இல்லையே?

இதுதான் பிளந்த முற்சுட்டு. எழுவாயிலும் செயப்படுபொருளிலும் சிதறிக் கிடக்கும் இருவரைப் படிப்பவர் தாமே கூட்டிக்கொள்கிறார். சுட்டுகளைக் கோக்கும் கருவிகள் பல, ஒரு சுட்டுக்கு ஒரு முற்பெயர் என்று சங்கிலி கட்டுபவை. அவற்றின் பயிற்சிக்கு அதிகம் பயன்பட்ட ஆன்டோநோட்ஸ் தொகுப்பில் இந்த வகை குறிக்கப்படவே இல்லை, அர்ராவ் தொகுப்பில் குறிக்கப்பட்டிருக்கிறது. வாக்கியத்தில் பெயராக வராத கூட்டலையும் தேவைப்படும்போது உருவாக்க அனுமதித்தால் ‘அவர்கள்’ அதைச் சுட்டலாம்.

17. எதிர்மறை வந்தால் என் தர்க்கச் சூத்திரம் தவறான விடை தருகிறது, ஏன்?

‘கண்ணனும் வள்ளியும் வரவில்லை’ என்பதை ‘(கண்ணன் வந்தான், மேலும் வள்ளி வந்தாள்) என்பது பொய்’ என்று எழுதியிருப்பீர்கள். அதன்படி ஒருவர் வந்திருந்தாலும் வாக்கியம் உண்மையாகிவிடும். படிப்பவரோ இருவருமே வரவில்லை என்றுதான் கொள்வார். ஒருவர் மட்டும் வந்திருந்தால் ‘வந்தார்கள்’, ‘வரவில்லை’ இரண்டுமே பொருந்தாமல் இருப்பதை நம் காதே சொல்லும். கூட்டலைப் பிரித்து எதிர்மறைக்குள் தள்ளாமல், கூட்டலை வெளியே வைத்து ஒவ்வோர் அணுவுக்கும் எதிர்மறையைத் தனித்தனியாகப் பங்கிட்டால் சரியான விடை கிடைக்கும். ‘எல்லோரும் வரவில்லை’ என்பது மட்டும் விதிவிலக்கு. அதற்கு ‘ஒருவரும் வரவில்லை’, ‘சிலர்தான் வந்தார்கள்’ என்று இரண்டு பொருளும் உண்டு, எழுத்தில் பிரித்தறியச் சூழலே துணை.

18. பெரிய மொழி மாதிரிகள் எல்லாவற்றையும் வெக்டர்களாகவே கையாள்கின்றனவே, இந்தக் கணு, கூட்டல், குழு எல்லாம் இனியும் தேவையா?

பெயர்களின் வெக்டர்களை (ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய எண்வரிசைகளை) சராசரி எடுத்துக் கூட்டலாகக் கொள்ளும் பழைய வழக்கத்தில் எண்ணிக்கை தொலைந்துபோகும்: ஒன்றின் சராசரியும் அதையே பத்து முறை எழுதிய பட்டியலின் சராசரியும் ஒன்றே. சராசரிக்குப் பதில் கூட்டுத்தொகையை எடுத்து, முன்னும் பின்னும் பயிற்றுவிக்கப்பட்ட சார்புகளை வைத்தால் வரிசையைச் சாராத வடிவம் கிடைக்கும் என்பதை 2017-ல் வெளிவந்த ‘டீப் செட்ஸ்’ ஆய்வு காட்டியது. இன்றைய மாதிரிகள் இதைவிட நெகிழ்வானவை, வாக்கியத்தின் சூழலை நன்றாகவே பிடிக்கின்றன. ஆனால் அவற்றின் விடையைத் தரவுத்தளத்தில் எழுதும் நொடியில், பரிசு ஒன்றா மூன்றா என்று யாராவது தீர்மானித்தே ஆக வேண்டும்.

உங்கள் மாதிரி எப்படி என்று அறிய, நான்காம் கேள்வியின் நோபல் வாக்கியத்தோடு பங்கீட்டு விவரத்தையும் கொடுத்து நான்கு கேள்விகள் கேளுங்கள்: பரிசுகள் எத்தனை, ஆள்கள் எத்தனை பேர், பெக்கரலின் பங்கு என்ன, மேரியின் பங்கு என்ன. பிறகு பெயர்களின் வரிசையை மாற்றி அதே நான்கையும் மறுபடி கேளுங்கள். விடைகள் மாறினால், அந்த மாதிரி கூட்டலைப் பார்க்கவில்லை, முதலில் வந்த பெயரைப் பார்த்திருக்கிறது.